டாக்கரில் ஐந்து நாள்: ஓவியர்களின் முற்றங்களைத் தேடி

கேள்வி இது: "அலுவலக வேலையாக செனகல் நாட்டின் டாக்கருக்குப் போகிறேன். வேலை முடிந்ததும் ஐந்து நாள் கையில் இருக்கும். ஆப்பிரிக்காவின் இன்றைய ஓவியம், சிற்பம் எல்லாம் அங்கே நன்றாகப் பார்க்கலாம் என்கிறார்கள். எனக்குக் கலை பற்றிப் பெரிதாகத் தெரியாது, பிரெஞ்சும் தெரியாது. எங்கே போவது, எதைப் பார்ப்பது, ஏதாவது வாங்கலாமா?"

ஐந்து நாள் கிடைத்திருப்பதே பெரிய விஷயம். நான் டாக்கரில் இரண்டு வருடத்துக்கு மேல் வேலை பார்த்தேன். ஊர் திரும்பிய பிறகும் 2018, 2022 ஆண்டுகளில் அங்கே இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும் பியனாலே என்ற கலை விழாக்களுக்காக விடுப்பு எடுத்துக்கொண்டு போய் வந்தேன். அந்த அனுபவத்தில் முதலில் ஒன்று சொல்கிறேன். மியூசியம் பட்டியல் போட்டு ஒவ்வொன்றாக முடித்துக்கொண்டே போனால், இரண்டே நாளில் எல்லாம் பார்த்துவிட்டதாகத் தோன்றும். ஆனால் டாக்கரின் கலை அதிகம் இருப்பது வீட்டு முற்றங்களில், பட்டறைகளில், மரத்தடிகளில். அங்கே உட்கார நேரம் ஒதுக்கினால்தான் கண்ணில் படும். ஏன் அப்படி என்பதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. அது தெரிந்தால் பார்ப்பதெல்லாம் வேறு மாதிரி தெரியும், அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

செனகல் 1960இல் விடுதலை பெற்றது. முதல் ஜனாதிபதி லியோபோல்ட் செதார் செங்கோர் ஒரு கவிஞர். 1980 வரை, இருபது ஆண்டுகள் ஆட்சியில் இருந்தார். கறுப்பின மக்களின் பண்பாடு உலகுக்குத் தரவேண்டியது நிறைய இருக்கிறது என்று ஆழமாக நம்பியவர். ஏழை நாடாக இருந்தும் ஓவியத்துக்கும் நாடகத்துக்கும் நெசவுக்கும் அரசுப் பணத்தைத் தாராளமாகச் செலவழித்தார். 1966 ஏப்ரலில் முதல் உலகக் கறுப்பினக் கலை விழா டாக்கரில் நடந்தது. ஆப்பிரிக்காவிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் கரீபியத் தீவுகளிலிருந்தும் கலைஞர்கள் வந்து குவிந்தார்கள். அதே ஆண்டு, டாக்கருக்குக் கிழக்கே சுமார் 70 கிலோமீட்டரில் இருக்கும் தியெஸ் ஊரில், ஓவியங்களைப் பார்த்து அப்படியே சுவர்த்திரைகளாக நெய்யும் ஆலை ஒன்றும் தொடங்கியது. அதை நடத்திய பாப்பா இப்ரா தால் தானே பெரிய ஓவியர். நீண்டு வளைந்த உருவங்கள், அலை அலையாக ஓடும் கோடுகள், பளிச்சென்ற நிறங்கள் என்று இருக்கும் அவர் படைப்புகள். இந்த வழியில் வந்தவர்களை "டாக்கர் பள்ளி" என்பார்கள்.

ஆனால் ராஜா ஆதரிக்கும் கலையில் ராஜாவின் ரசனையும் கூடவே வந்துவிடும். "ஆப்பிரிக்கத்தனமாக" வரை என்ற எதிர்பார்ப்பு இளைஞர்களை நெருக்கியது. இபா இந்தியாய் என்ற ஓவியர், கலைப் பள்ளியில் ஆசிரியராக இருந்தவர், முதலில் ஓவியத் தொழிலைக் கற்றுக்கொள்ளுங்கள், ஆப்பிரிக்கத்தன்மை தன்னால் வரும் என்ற நிலையில் உறுதியாக நின்றார். பெயரைப் பார்த்து நம் ஊர்த் தொடர்போ என்று எண்ண வேண்டாம், அது அங்கே சாதாரணமாக வழங்கும் குடும்பப் பெயர். பக்ரீத் பலியை அவர் வரைந்த படங்கள் எங்காவது கிடைத்தால் விடாமல் பாருங்கள். ரத்தமும் ஆட்டின் கழுத்தும் அடர்ந்த இருட்டும் சேர்ந்து நெஞ்சை அடைக்கும்.

1970களில் அடுத்த தலைமுறை வெளிப்படையாகவே முறுக்கிக்கொண்டது. இஸ்ஸா சாம்ப், எல் ஹாஜி சி, திரைப்பட இயக்குநர் ஜிப்ரில் தியோப் மம்பேத்தி போன்றவர்கள் சேர்ந்த "லபோரத்துவார் அஜித்தார்" குழு, விற்பதற்கும் மாட்டிவைப்பதற்கும் ஆன பொருளாகக் கலையைப் பார்க்க மறுத்தது. நகர நடுவில் ழூல் ஃபெரி தெருவில் இருந்த இஸ்ஸா சாம்பின் முற்றம்தான் அவர்களுக்கு எல்லாமும். பெரிய மரம், கொடியில் தொங்கும் துணிகள், பழைய பொம்மைகள், காகிதங்கள், மழையில் நனைந்து வெயிலில் காய்ந்து தானாக மாறிக்கொண்டே இருக்கும் படைப்புகள். அவர் 2017இல் காலமானார். அந்த முற்றம் இன்று அப்படியே இல்லை. ஆனால் டாக்கரில் கலைஞர்கள் பேசும்போது அந்த மரத்தடி இன்னும் பேச்சில் வந்துகொண்டே இருக்கும்.

இன்னொரு சம்பவமும் தெரிந்திருக்க வேண்டும். 1977 முதல் கலைஞர்கள் சிலர் கடலோரத்தில் காலியாகக் கிடந்த ராணுவக் குடியிருப்பில் குடியேறி, அதைப் பட்டறைகளாக மாற்றி வாழ்ந்தார்கள். செங்கோர் பதவி விலகிய பிறகு, 1983 செப்டம்பரில், ராணுவத்தை அனுப்பி அவர்களை வெளியேற்றினார்கள். படைப்புகள் தெருவில் வீசப்பட்டன. அதன்பின் பதின்மூன்று ஆண்டுகள் கழித்து, 1996இல், எல் ஹாஜி சியும் நண்பர்களும் ஸ்டேடியத்துக்கு அருகே வேறொரு காலி இடத்தைப் பிடித்தார்கள். ஸ்டேடியம் கட்ட வந்த சீனத் தொழிலாளர்கள் தங்கியிருந்த முகாம் அது. அங்கே அவர்கள் நடத்திய பயிலரங்கின் பெயர் "தெங்க்". செனகலில் பரவலாகப் பேசும் வொலோஃப் மொழியில் மூட்டு, இணைப்பு என்று பொருள். 1998இல் அந்த இடம் முறையாக "விலாஜ் தே ஸார்", அதாவது கலைக் கிராமம் ஆனது. உங்கள் ஐந்து நாளில் ஒரு முழு நாள் அங்கேதான்.

காலை பத்து மணிக்கு மேல் போங்கள், அதற்கு முன் பாதிக் கதவுகள் பூட்டியிருக்கும். உள்ளே வரிசை வரிசையாகத் தாழ்ந்த கட்டடங்கள், நடுவில் மரங்கள், ஐம்பதுக்கும் மேற்பட்ட பட்டறைகள். செங்கோர் பெயரில் ஒரு காட்சிக்கூடமும் உண்டு. வெட்டவெளியில் இரும்புச் சிற்பங்கள் துருப்பிடித்து நிற்கும், அவற்றின் நிழலில் யாராவது தேநீர் போட்டுக்கொண்டிருப்பார்கள். நான் முதல்முறை போனபோது கையில் கேமராவோடு நேராக ஒரு பட்டறைக்குள் நுழைந்து படம் எடுக்கத் தொடங்கிவிட்டேன். உள்ளே வேலையாக இருந்த பெரியவர் தூரிகையைக் கீழே வைத்துவிட்டு, சத்தம் போடாமல், "முதலில் வணக்கம் சொல்லுவோம்" என்றார். அந்த நிமிஷம் இன்றும் உறுத்துகிறது. செனகலில் வணக்கம் சொல்லாமல் எதுவும் தொடங்காது. "சலாம் அலேக்கும்" என்றால் பதில் வரும். அப்புறம் "நங்கா தெஃப்?", எப்படி இருக்கிறாய் என்று கேட்க வேண்டும். "மங்கி ஃபி ரெக்" என்பார்கள். நான் இங்கேதான் இருக்கிறேன் என்று பொருள். நம் ஊரில் "ஏதோ இருக்கேன்" என்பதற்குப் பக்கத்தில் வரும், ஆனால் இதில் சலிப்பு கிடையாது. வீட்டில் எல்லாரும் நலமா, வேலை எப்படி, வெயில் எப்படி என்று கொஞ்ச நேரம் போகும். அதை நேர விரயமாக நினைக்காதீர்கள்.

தேநீர் கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள். "அத்தாயா" என்று பெயர். பச்சைத் தேயிலையைச் சின்ன கெட்டிலில் கரிமேல் கொதிக்கவைத்து, உயரத்திலிருந்து ஆற்றி ஆற்றி நுரை கட்டவைத்து, மூன்று சுற்றாகக் கொடுப்பார்கள். முதல் சுற்று கசக்கும், அடுத்தடுத்து இனிப்பு கூடும். மூன்றும் முடிய ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஓவியர் தன் படத்தைப் பற்றி உண்மையாகப் பேசத் தொடங்குவது பெரும்பாலும் இரண்டாம் சுற்றுக்கு மேல்தான். எனக்கு நினைவில் நிற்கும் உரையாடல்கள் எல்லாம் அப்படிக் கிடைத்தவை.

அங்கே எதைக் கவனிப்பது? பொருள்களைக் கவனியுங்கள். கான்வாஸும் எண்ணெய் வண்ணமும் விலை கூடிய இறக்குமதிச் சரக்கு. அதனாலும், வேண்டும் என்றே எடுத்த முடிவாலும், டாக்கர் கலைஞர்கள் கிடைத்ததை எல்லாம் பயன்படுத்தினார்கள். இரும்புக் கம்பி, சாக்கு, மீன்வலை, கடல் ஒதுக்கிய மரம், பழைய துணி. மறைந்த சிற்பி இந்தாரி லோ, கட்டடக் கம்பிகளை வளைத்து, நீண்ட கால்களோடு எட்டி நடக்கும் மனிதர்களைச் செய்தார். டாக்கர் பியனாலேயின் தலையாய பரிசை 2002இலும் 2008இலும் வாங்கியவர். வியே தீபா என்ற ஓவியர் உள்ளூர்ப் பருத்தித் துணியையே கான்வாஸாக்கினார். குப்பையிலிருந்து கலை என்று இதைச் சுருக்கிவிடுகிறார்கள், எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஒரு பொருள் எத்தனை கைகளில் புழங்கி வந்தது என்பதும் அந்தப் படைப்பின் பகுதி என்று அவர்கள் நினைக்கிறார்கள். கேட்டால் பொறுமையாகச் சொல்வார்கள்.

சரி, பியனாலே. "டாக்கார்" என்று உச்சரிக்கும் இந்த விழாவுக்கு ஊரின் பெயரையும் கலை என்ற பிரெஞ்சுச் சொல்லையும் ஒட்டிப் பெயர் வைத்திருக்கிறார்கள். 1990இல் இலக்கியத்தோடு தொடங்கி, 1992இல் ஓவியச் சிற்பக் கலைக்கு வந்து, 1996 முதல் ஆப்பிரிக்காவின் சமகாலக் கலைக்கே உரிய விழாவாக ஆனது. வழக்கமாக இரட்டைப்படை ஆண்டுகளில் மே மாதம் நடக்கும். தொற்றுக்காலத்தில் 2020 விழா 2022க்குத் தள்ளிப்போனது. 2024 விழா மே மாதத்திலிருந்து நவம்பருக்கு மாறியது. ஆகவே தேதியை உறுதிசெய்யாமல் டிக்கெட் போடாதீர்கள்.

விழா நேரத்தில் போனால் இரண்டு சொற்கள் காதில் விழுந்துகொண்டே இருக்கும், "இன்", "ஆஃப்". "இன்" என்பது அரசு நடத்தும் அதிகாரபூர்வக் கண்காட்சி. "ஆஃப்" என்பது ஊரார் நடத்துவது. ஹோட்டல் வரவேற்பறை, மருந்துக்கடை, தச்சுப்பட்டறை, வீட்டு மாடி என்று முன்னூறு இடங்களுக்கு மேல் விரியும். அரசின் மண்டபம் ஒருபக்கம், இஸ்ஸா சாம்பின் முற்றம் ஒருபக்கம் என்று மேலே சொன்னேனே, அந்தப் பழைய இழுபறிதான் இன்று இந்த இரண்டு பெயர்களில் தொடர்கிறது என்பது என் எண்ணம். இரண்டும் பார்க்க வேண்டும். ஆனால் நேரம் போதவில்லை என்றால் நான் "ஆஃப்" பக்கம்தான் போவேன்.

"இன்" கண்காட்சிக்குக் கிடைத்த இடம் மட்டும் அபாரம். கேப் மனுவேல் முனையில், கடலைப் பார்த்த பழைய நீதிமன்றம். பல ஆண்டுகள் கைவிடப்பட்டுக் கிடந்த கட்டடம். நடுவில் வானம் பார்த்த முற்றம், சுற்றிலும் தூண்கள், உதிர்ந்த சுண்ணாம்பு. நான் போன 2018இல் சைமன் இஞ்ஜாமி என்ற கண்காட்சி அமைப்பாளரின் பொறுப்பில் நடந்தது. வழக்காடிய அறைகளில் படைப்புகள், பக்கத்து அறையில் இன்னொருவரின் வீடியோவிலிருந்து கசியும் ஒலி, உடைந்த ஜன்னல் வழியே உப்புக்காற்று. வெள்ளைச் சுவரில் பார்த்த எதுவும் எனக்கு அப்படிப் பதியவில்லை.

விழா இல்லாத காலத்தில் போனால் வருத்தப்பட வேண்டாம். கூட்டம் இல்லாத நாளில் கலைஞர்களுக்கு உங்களோடு பேச நேரம் இருக்கும். ஆண்டுக் கடைசியில் போவதாக இருந்தால் "பார்த்கூர்" என்ற நிகழ்ச்சி நடக்கிறதா என்று பாருங்கள். நகரத்தின் காட்சிக்கூடங்களும் பட்டறைகளும் ஒன்றாகக் கதவு திறக்கும் கலை நடை அது, 2012இல் தொடங்கியது. தொடங்கியவர்களில் ஒருவர் கொயோ குவோ. கேமரூனில் பிறந்து டாக்கரை ஊராக்கிக்கொண்டவர். 2008இல் "ரா மெட்டீரியல் கம்பெனி" என்ற அமைப்பை இங்கே நிறுவினார். கண்காட்சி, நூலகம், கலைஞர்களுக்கான வகுப்புகள் எல்லாம் ஒரு குடியிருப்புப் பகுதியின் சாதாரண வீடு மாதிரியான கட்டடத்துக்குள். பிறகு கேப் டவுனின் பெரிய சமகாலக் கலை மியூசியத்துக்குத் தலைவரானார், 2026 வெனிஸ் பியனாலேக்கும் பொறுப்பாளராக நியமிக்கப்பட்டார். அந்தப் பொறுப்புக்கு வந்த முதல் ஆப்பிரிக்கப் பெண். 2025 மே மாதம் திடீரென்று காலமானார். அந்த நூலகத்தில் ஒரு மதியம் செலவழியுங்கள். பிரெஞ்சு மட்டுமல்ல, ஆங்கிலப் புத்தகங்களும் உண்டு.

பழைய நகர்ப்பகுதியான பிளாத்தோவில் காட்சிக்கூடங்களைக் கால்நடையாகவே சுற்றலாம். செசில் ஃபகூரி, செலெபே யூன், ஓ காலரி, பிரெஞ்சுப் பண்பாட்டு நிறுவனத்தைச் சேர்ந்த லே மனேஜ் ஆகியவை நான் விடாமல் போகும் இடங்கள். மணியடித்தால் திறப்பார்கள், காசு கிடையாது. வாங்கும் ஆள்தானா என்று யாரும் எடைபோட மாட்டார்கள். ஞாயிறு பல இடங்கள் மூடியிருக்கும், திங்களன்று மியூசியங்கள். வெள்ளி மதியம் தொழுகைக்காக ஊரே நிற்கும், அந்த நேரத்தில் எங்கும் போக முயலாதீர்கள்.

மியூசியங்களில் இரண்டு போதும். சொவேத்தோ சதுக்கத்தில் இருக்கும் தியோதோர் மோனோ மியூசியத்தில் முகமூடிகள், துணிகள், இசைக்கருவிகள். இது பழைய கலை, காலனி ஆட்சிக் காலத்தில் சேகரித்தவை. ஆனாலும் இதை முதலில் பாருங்கள், இன்றைய கலைஞர்கள் எதோடு பேசுகிறார்கள், எதோடு சண்டை போடுகிறார்கள் என்பது புரியும். அடுத்தது, 2018 டிசம்பரில் திறந்த கறுப்பின நாகரிகங்களின் மியூசியம். சீனப் பண உதவியில் கட்டிய பெரிய வட்டக் கட்டடம். நடு மண்டபத்தில் ஹெய்த்திக் கலைஞர் எதுவார் துவால்-கரியே செய்த இரும்பு பாவோபாப் மரம் பல மாடி உயரத்துக்கு எழும்பி நிற்கும். கட்டட வடிவம் எங்கிருந்து வந்தது தெரியுமா? செனகலின் தெற்கே காசமான்ஸ் பகுதியில், நடுவில் கூரை திறந்து மழைநீர் உள்ளே விழும் வட்ட வீடுகள் உண்டு. நம் முற்றம் வைத்த வீடுகளைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அந்த யோசனை உடனே பிடிபடும். 2019இல் பிரான்ஸ் கொடுத்தனுப்பிய, 19ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுக்காரர்களை எதிர்த்த மேற்கு ஆப்பிரிக்கத் தலைவர் எல் ஹாஜ் ஒமர் தாலின் பெயரால் அறியப்படும் வாளும் இந்த மியூசியத்துக்குத்தான் வந்தது.

வாக்காம் குன்றின்மேல் நிற்கும் ஆப்பிரிக்க மறுமலர்ச்சிச் சின்னத்தை எப்படியும் தூரத்திலிருந்து பார்ப்பீர்கள். 49 மீட்டர் உயரம், 2010இல் திறந்தது, கட்டியது வட கொரிய நிறுவனம். அதற்காகத் தனியாக நேரம் ஒதுக்க வேண்டாம் என்பேன்.

அந்த நேரத்தைச் சிற்பி உஸ்மான் சோவின் வீட்டுக்குக் கொடுங்கள். யோஃப் பகுதியில் அவரே வடிவமைத்துக் கட்டிய வீடு, 2018 முதல் மியூசியமாக இருக்கிறது. உஸ்மான் சோ பிசியோதெரபிஸ்ட். ஐம்பது வயது வரை மனித உடம்பைப் பிடித்துவிட்டு, தசை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று விரலாலேயே அறிந்தவர். அதன் பிறகுதான் முழுநேரச் சிற்பி ஆனார். சூடானின் நூபா இன மல்யுத்த வீரர்களின் சிலைகள்தான் அவருக்குப் பெயர் வாங்கித் தந்த முதல் வரிசை. இரும்புச் சட்டத்தின்மேல் வைக்கோலும் சணலும் சுற்றி, தானே வருஷக்கணக்கில் ஊறவைத்துப் பக்குவப்படுத்திய ஒரு கலவையைப் பூசுவார். 1999இல் பாரிஸின் ஒரு பாலத்தின்மேல் அவர் சிற்பங்களை வைத்தபோது முப்பது லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் பார்த்தார்கள். அந்த உடம்புகளின் முதுகைப் பாருங்கள். முகத்தைவிட முதுகில்தான் அவர் அதிகம் பேசுகிறார்.

ஒரு காலையை மெதினாவுக்கு வையுங்கள். 1914இல் பிளேக் பரவியபோது, காலனி அரசு பிளாத்தோவில் வாழ்ந்த ஆப்பிரிக்கர்களை வெளியேற்றிக் குடியமர்த்திய பகுதி இது. இன்று நெருக்கமான தெருக்கள், தையல்காரர்கள், ஆடுகள், சுவர் முழுக்க ஓவியம். "யாத்தால் ஆர்ட்" என்ற இளைஞர் குழு 2010 வாக்கில் தொடங்கி, பல நாட்டுக் கலைஞர்களை அழைத்துவந்து வீட்டுச் சுவர்களில் வரையவைத்தது. வீட்டுக்காரர்களின் சம்மதத்தோடு நடந்த வேலை, அதனால் படங்களுக்கு முன்னால் துணி காயும், பிள்ளைகள் பந்து விளையாடுவார்கள். அந்தத் தெருவில் வளர்ந்த யாரையாவது கூட்டிக்கொண்டு நடப்பது நல்லது, தங்கும் இடத்தில் கேட்டால் ஏற்பாடு செய்வார்கள். பேசிய தொகையை மனம் கோணாமல் கொடுங்கள்.

சுவர்களில் ஒரு உருவம் திரும்பத் திரும்ப வரும். வெள்ளை அங்கி, தலையைச் சுற்றி முகத்தின் கீழ்ப்பாதியை மறைக்கும் வெள்ளைத் துணி, வெயிலில் சுருங்கிய கண்கள். அவர் ஷேக் அமாது பம்பா, முரீது சூஃபி வழியைத் தோற்றுவித்தவர். பிரெஞ்சுக்காரர்கள் அவரை 1895இல் காபோனுக்கு நாடு கடத்தினார்கள். அவருடையது என்று அறியப்படும் ஒரே புகைப்படம் 1913இல் எடுத்தது. அதில் ஒரு பாதம் நிழலில் மறைந்திருக்கும். அந்த ஒரே படத்தை வைத்து ஒரு நாடே நூறு ஆண்டுகளாக வரைந்துகொண்டிருக்கிறது. கடைப்பலகையில், லாரியில், பேருந்தில், கரித்துண்டால், ஸ்ப்ரே பெயின்ட்டால். நவீன ஓவியர்களின் கான்வாஸிலும் அவர் வருவார். இதைப் பக்தி என்பதா, கலை என்பதா என்று பிரிக்கத் தோன்றினால் கொஞ்சம் பொறுங்கள். அந்த ஊரில் யாரும் அப்படிப் பிரிப்பதில்லை.

தமிழ் வாசகர்களுக்கு நெருக்கமான மூன்று விஷயங்கள் டாக்கரில் உண்டு. முதலாவது கண்ணாடி ஓவியம், "சுவேர்" என்பார்கள். கண்ணாடியின் பின்பக்கத்தில் வரைவது. கண், மூக்கு, நகை, கோடுகள் எல்லாம் முதலில், பின்னணி நிறம் கடைசியில். நம் தஞ்சாவூர்க் கண்ணாடி ஓவியத்திலும் இதே தலைகீழ் வரிசைதான். செனகலில் இது இஸ்லாமியக் கதைப் படங்களோடு வேரூன்றியது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அச்சிட்ட இஸ்லாமியப் படங்கள் வருவதைக் காலனி அரசு தடுக்க முயன்றது, உள்ளூர் ஓவியர்கள் கையால் வரைந்து பெருக்கினார்கள். கோரா இம்பெங் இதில் பெரிய பெயர்.

இரண்டாவது, நீலத் துணி. புதுச்சேரியில் நெய்து அவுரியில் தோய்த்த "கினே" துணி 18, 19ஆம் நூற்றாண்டுகளில் கப்பல் ஏறி செனகல் ஆற்றங்கரைக்குப் போனது. அங்கே வேல மரப் பிசினுக்குப் பண்டமாற்றாக அதைக் கொடுத்தார்கள். காசு போலவே புழங்கியது. நான் புதுச்சேரிக்காரன். டாக்கர் சந்தையில் கருநீல அங்கி போட்ட ஒரு முதியவரை முதன்முதலில் பார்த்தபோது, இதைத் தறியில் அடித்தவர்களும் தொட்டியில் முக்கியவர்களும் எங்கள் ஊர்க்காரர்கள் என்ற நினைப்பில் அப்படியே நின்றுவிட்டேன். மூன்றாவது, செங்கோர். திராவிட மொழிகளுக்கும் ஆப்பிரிக்க மொழிகளுக்கும் உறவு இருக்கலாம் என்று அவர் ஆர்வத்தோடு நம்பினார், 1974இல் சென்னைக்கு வந்து அது பற்றி உரையாற்றினார். தமிழறிஞர் க. ப. அறவாணன் டாக்கர் பல்கலைக்கழகத்தில் பணியாற்றியது அந்த ஆர்வத்தின் தொடர்ச்சிதான். மொழியுறவுக் கருத்தை இன்றைய மொழியியலாளர்கள் பெரும்பாலும் ஏற்பதில்லை. ஆனால் ஃபான் பகுதியில் மியூசியமாக இருக்கும் செங்கோரின் வீட்டுக்குப் போகும்போது இது உங்களுக்கு நினைவிருக்கட்டும்.

கோரே தீவுக்கு எல்லாரும் அடிமை வணிக வரலாற்றுக்காகப் போகிறார்கள், போகத்தான் வேண்டும். துறைமுகத்திலிருந்து படகில் இருபது நிமிஷம் சொச்சம். ஆனால் கடைசிப் படகு வரை இருங்கள். பகல் கூட்டம் கலைந்த பிறகு மேட்டின்மேல் நடந்தால், பழைய பீரங்கி மேடையைச் சுற்றி ஓவியர்கள் குடியிருக்கும் இடங்கள் வரும். சிற்பி முஸ்தஃபா திமே, கடல் ஒதுக்கிய மரத்தில் வேலை செய்தவர், 1998இல் இளவயதில் மறைந்தவர், இந்தத் தீவில்தான் வாழ்ந்தார். அலை அடித்து உருட்டிய கட்டைகளில் அவர் கண்ட மனித உருவங்களைக் கரையில் நின்று பார்த்தால்தான் முழுதாகப் புரியும். பல நிற மணலைப் பசையில் ஒட்டிச் செய்யும் மணல் ஓவியங்களைத் தீவில் நிறைய விற்பார்கள். செய்முறை பார்க்க அழகு. வாங்குவது உங்கள் விருப்பம், சுற்றுலாவுக்காகச் செய்வது என்பதைத் தெரிந்துகொண்டு வாங்குங்கள்.

வாங்கலாமா என்று கேட்டீர்கள். கட்டாயம் வாங்குங்கள், பட்டறையில் கலைஞரின் கையிலிருந்தே வாங்குங்கள். சந்தையில் "பழையது, தாத்தா காலத்தது" என்று காட்டும் முகமூடிகள் பெரும்பாலும் புதிதாகச் செய்து புகையேற்றியவை. நான் ஒரு கடையில் "ஐம்பது வருஷப் பழசு" என்று வாங்கிய கண்ணாடி ஓவியத்தின் பின் அட்டையைப் பிரித்தபோது உள்ளே அதே வருஷத்துச் செய்தித்தாள் இருந்தது. சந்தையில் பேரம் பேசலாம். பட்டறையில் ஓவியர் சொன்ன விலையைப் பாதியாக்கிக் கேட்காதீர்கள், அது அவருக்குத் தலைகுனிவு. "என்னிடம் இவ்வளவுதான் இருக்கிறது, இதற்குள் எதாவது உண்டா?" என்று நேராகக் கேட்டால் சின்னத் தாள் ஓவியம் ஒன்றை எடுத்துக்கொடுப்பார். பணமாகக் கொடுக்கத் தயாராகப் போங்கள். அங்கே புழங்குவது சிஎஃப்ஏ ஃபிராங்க், ஒரு யூரோவுக்கு 655.957 என்று நிரந்தரமாகக் கட்டிவைத்த மதிப்பு. படத்தின் பின்னால் கையெழுத்து, ஆண்டு, தலைப்பு எழுதித்தரச் சொல்லுங்கள், கையால் எழுதிய ரசீதும் வாங்குங்கள். விமான நிலையத்தில் கேட்டால் அதுதான் காட்ட உதவும்.

பிரெஞ்சு தெரியாதது பெரிய தடையில்லை. இளைஞர்கள் பலர் ஆங்கிலம் பேசுவார்கள், மிச்சத்துக்குக் கைபேசி மொழிபெயர்ப்பு போதும். "ஜெரெஜெஃப்" என்ற நன்றிச் சொல்லை மட்டும் தேய்ந்துபோகும் அளவுக்குச் சொல்லுங்கள். படத்தின் முன் நின்று "இது என்ன அர்த்தம்?" என்று கேட்பதைவிட, "இதை எங்கிருந்து தொடங்கினீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். முன்னதற்குப் பெரும்பாலும் ஒரு வரியில் பதில் வரும். பின்னதற்கு அவர் எழுந்து வந்து, விரலை வைத்துக் காட்டத் தொடங்குவார்.

நாள்களைப் பிரித்துச் சொல்லவேண்டும் என்றால் இப்படிச் சொல்வேன். முதல் நாள் மோனோ மியூசியமும் பிளாத்தோ காட்சிக்கூடங்களும். இரண்டாம் நாள் முழுக்கக் கலைக் கிராமம். மூன்றாம் நாள் காலை மெதினா, மதியம் ரா மெட்டீரியலின் நூலகம். நான்காம் நாள் உஸ்மான் சோவின் வீடு, கறுப்பின நாகரிகங்களின் மியூசியம். ஐந்தாம் நாளைக் காலியாக விட்டுவையுங்கள். கலைக் கிராமத்தில் யாராவது "நாளை மறுநாள் என் நண்பன் வீட்டில் கண்காட்சி, வாயேன்" என்று சொல்லியிருப்பார்கள், அதற்குப் போங்கள். யாரும் அழைக்கவில்லை என்றால் கோரேக்குப் படகு ஏறுங்கள். கான்வாஸ் வாங்கியிருந்தால், வண்ணம் பூசிய பக்கம் வெளியே இருக்கும்படி தளர்வாகச் சுருட்டுங்கள். உள்பக்கமாகச் சுருட்டினால் வண்ணம் நெரிந்து வெடிப்பு விடும். உறைக்கு அலைய வேண்டாம், தையல்கடைகளில் துணி சுற்றி வரும் அட்டைக்குழாய் மெதினாவில் எந்தத் தெருவிலும் கேட்டால் கிடைக்கும்.